சிவப்புப் பக்கத்தில் இருந்தேன்

"படத்துக்கு மெனு எழுதுறேம்மா" என்று நான் தொலைபேசியில் சொன்னபோது, கோயம்புத்தூரிலிருந்த அம்மா, "ஜெர்மனிக்குப் போய் ஹோட்டல்லயா சேந்திருக்க?" என்று கேட்டாள்.

2006ஆம் ஆண்டு முடியப் போகிற நேரம். ஆஹெனில் மேற்படிப்பை முடித்து, வேலை தேடுவதற்காகக் கொடுத்த விசா தீரும் தறுவாயில் கொலோனில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. டிஸ்க்கை பிளேயரில் போட்டதும் படத்துக்கு முன்னால் ஒரு திரை வரும். படத்தைத் தொடங்கு, காட்சியைத் தேர்ந்தெடு, மொழியை மாற்று என்று பொத்தான்கள் இருக்கும். அந்தத் திரையை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும் என்பது வேலைக்குச் சேரும்வரை எனக்கே தோன்றியதில்லை. அம்மாவுக்கு அதை விளக்கி முடித்தபோது, "சரி, சம்பளம் தர்றாங்கல்ல?" என்றாள். தருகிறார்கள் என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

நிறுவனம் சின்னது. மொத்தம் பதினைந்து பேருக்கு மேல் இருக்க மாட்டோம். நுழைந்ததும் ஒரு நீள நடைபாதை. இடது பக்க அறையின் கதவில் யாரோ சிவப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள், வலது பக்கத்தில் நீலத் தாள். சேர்ந்த முதல் நாள் அதை அலங்காரம் என்று நினைத்தேன்.

அப்போது எல்லார் வீட்டிலும் டிவிடி இருந்தது. தொலைக்காட்சிகள் சுவரளவு பெரிதாகிக்கொண்டிருந்ததால் டிவிடியின் படம் அவற்றில் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு வாரிசாக ஒரே சமயத்தில் இரண்டு டிஸ்க்குகள் வந்தன. ஒன்று நீலப் பெட்டியில் விற்ற ப்ளூ-ரே. இன்னொன்று சிவப்புப் பெட்டியில் விற்ற எச்டி டிவிடி. கையில் எடுத்தால் இரண்டும் ஒரே அளவு, ஒரே வெள்ளி நிறம். ஆனால் ஒன்றுக்கான பிளேயரில் மற்றது ஓடாது. அமெரிக்காவின் பெரிய ஸ்டூடியோக்கள் பக்கம் பிரிந்து நின்றன. சில நீலத்துக்கு மட்டும் படம் தந்தன, சில சிவப்புக்கு மட்டும், ஒன்றிரண்டு இரண்டுக்கும். ஆகவே எந்த பிளேயரை வாங்கினாலும் பாதிப் படங்கள் உங்களுக்கு இல்லை.

எங்கள் நிறுவனம் இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்தது. நீலத்துக்கு ஜாவா என்ற கணினி மொழி தெரிய வேண்டும். சிவப்புக்கு இணையப் பக்கம் எழுதுகிற மாதிரியான மொழி போதும். எனக்கு இரண்டாவது வந்தது. நான் சிவப்புப் பக்கம் சேர்ந்தது இப்படித்தான். கொள்கை எதுவும் கிடையாது.

வேலை பிடித்திருந்தது. இந்தப் புதிய டிஸ்க்குகளில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் மெனு எழும்பி வரும். பழைய டிவிடியில் அது முடியாது. படம் நிற்காமல், ஒலி தடுமாறாமல் அந்தப் பட்டை கீழிருந்து எழ வேண்டும். அதைச் சரியாக வரவைப்பதற்குள் ஒரு வாரம் போய்விடும். ஜெர்மன் சொற்களோ பொத்தானுக்குள் அடங்காது. ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடிவதற்கு ஜெர்மனில் ஒரு ரயில் வண்டியே வரும். தமிழும் அப்படித்தான் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் பரிவு இருந்தது.

எதிர் அறையில் நீலத்தின் மெனுக்களை எழுதியவர் ஒரு ஜெர்மன்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். மழையோ பனியோ சைக்கிளில்தான் வருவார். அவருடைய டிஸ்க்குகள் பிளேயரில் போட்டு நெடுநேரம் கழித்துத்தான் திறக்கும். போட்டுவிட்டுப் போய்க் காபி கொண்டு வந்து, பாதி குடித்தும் விடுவார்.

ஒரு நாள் இருவருமாக, ஒரே படத்தின் நீல டிஸ்க்கையும் சிவப்பு டிஸ்க்கையும் பக்கத்துப் பக்கத்துத் திரைகளில் ஓடவிட்டோம். எது நன்றாக இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆவல். கிட்டே போய் நடிகரின் கன்னத்து மயிரைப் பார்த்தேன். தள்ளி வந்து பார்த்தேன்.

"வித்தியாசம் தெரியவில்லையே" என்றேன்.

"தெரியாது. இந்த ஸ்டூடியோ இரண்டு பக்கத்துக்கும் ஒரே கோப்பைத்தான் அனுப்புகிறது" என்றார் அவர். "சிவப்பில் இடம் குறைவு. அதற்கு அடங்குகிற மாதிரி செய்து, அதையே நீலத்திலும் போட்டுவிடுகிறார்கள்."

"அப்படியானால் எதற்குச் சண்டை?"

"நான் மெனு எழுதுகிறவன்" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு ஸ்டூடியோ எப்படிப் பக்கம் சேர்கிறது? யார், எங்கே உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்? கூட்டணி மாறுவதைத் தேர்தல்தோறும் பார்த்து வளர்ந்தவள் நான். ஊரில் யார் எந்தப் பக்கம் போனாலும் ஏன் போனார்கள் என்பதற்கு டீக்கடையில் பத்துக் காரணம் கிடைக்கும். இங்கே காரணம் கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். திருட்டுப் பிரதி எடுக்க முடியாத பூட்டு நீலத்தில்தான் உறுதி என்றார் ஒருவர். பழைய டிவிடி இயந்திரங்களிலேயே சிவப்பை மலிவாக அச்சடிக்கலாம் என்றார் இன்னொருவர். புதிய வீடியோ கேம் பெட்டிக்குள்ளேயே நீல பிளேயர் இருப்பதால், அதை வாங்கின பையன்கள் வீட்டுக்கெல்லாம் நீலம் இலவசமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார் மூன்றாமவர். எங்கள் முதலாளி ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, வீடியோ கேசட் காலத்திலிருந்து தொழிலில் இருப்பவர். அவர் மட்டும் காரணம் எதுவும் சொல்லவில்லை. "அப்போது எங்களுக்கு மூன்று வகைக் கேசட் இருந்தது. இது இரண்டுதானே" என்றார்.

நான் குடியிருந்த வீட்டுக்குக் கீழ் வீட்டில் யாழ்ப்பாணத்துத் தம்பதி இருந்தார்கள். கணவர் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் விடியற்காலை வேலைக்குப் போய், மதியத்துக்குள் திரும்பிவிடுவார். மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிட்டவருக்கு, முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. பிள்ளைகள் இருவரும் படிப்பு முடிந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். முதலில் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். அவர்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அண்ணை என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வந்துவிட்டது.

அண்ணை புதுப் பொருள்களைப் பார்ப்பதில் ஆசையுள்ளவர். வாங்குவது குறைவு, பார்ப்பது அதிகம். சனிக்கிழமைகளில் டிராம் ஏறிப் பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். நான் செய்யும் வேலை இன்னதென்று தெரிந்ததும் என்னையும் கூப்பிட்டார். கடைக்கு வருகிறவர்கள் எந்த டிஸ்க்கைக் கையில் எடுக்கிறார்கள் என்று பார்க்க எனக்கும் ஆசை. 2007ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை போனோம்.

கடையில் நீல அலமாரி ஒரு பக்கம், சிவப்பு அலமாரி ஒரு பக்கம். நடுவில் ஒரு பெரிய தொலைக்காட்சியில் கடலுக்கடியில் மீன்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்கள் மீனைப் பார்த்தார்கள், விலையைப் பார்த்தார்கள், பழைய டிவிடி இருந்த பக்கம் போனார்கள். அண்ணை விற்பனையாளரிடம் ஜெர்மனில் எதை வாங்கலாம் என்று கேட்டார். அந்த இளைஞன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "என் அப்பா கேட்டால் காத்திருக்கச் சொல்வேன்" என்றான்.

அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீங்கள் உண்மையைச் சொல்லுங்கோ. எந்தப் பக்கம் வெல்லும்?"

"தெரியலண்ணை."

"நீங்கள் அதுக்குள்ளதானே வேலை செய்யிறியள்?"

"உள்ள இருக்கிறவங்களுக்குத்தான் சுத்தமா தெரியலண்ணை. ஆமா, இதுல தமிழ்ப் படம் ஒண்ணுகூட வரலையே, நீங்க எதுக்கு வாங்கணும்னு நினைக்கிறீங்க?"

"தமிழ்ப் படம் கதைக்காகப் பாக்கிறது. அதைக் கீறல் விழுந்த சிடியிலயும் பாக்கலாம்" என்றார். மீனைக் காட்டினார். "இது கண்ணுக்காகப் பாக்கிறது."

பிறகு சிவப்பு அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டொராண்டோவில் இருந்த அவருடைய தம்பிக்கும் இந்தப் பித்து உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணனும் தம்பியும் ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் எந்தப் படம் எந்தப் பெட்டியில் வந்திருக்கிறது என்று பேசிக்கொள்வார்களாம்.

"இந்தப் படம் கனடாவில நீலத்தில மட்டும்தான் எண்டு தம்பி சொன்னவன். இஞ்ச பாருங்கோ, சிவப்புப் பெட்டியில கிடக்கு. ஒரே படம் ரெண்டு நாட்டில ரெண்டு கட்சியிலயோ?"

எனக்கு அது தெரியாது. பெட்டியை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

திங்கட்கிழமை முதலாளியின் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"ஸ்டூடியோ பக்கம் சேர்கிறது என்று எல்லாரும் சொல்கிறோம். படம் அப்படிச் சேர்வதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தப் படம் நீலத்தின் பக்கம் நிற்கும் ஒரு ஸ்டூடியோவுக்குச் சொந்தம். ஜெர்மனிக்கான உரிமையை, படம் எடுக்கும் முன்பே இங்குள்ள ஒரு வினியோகஸ்தர் வாங்கிவிட்டார். இங்கே எந்தப் பெட்டி என்பதை அவர்தான் முடிவு செய்வார்."

"அவர் ஏன் சிவப்பு என்றார்?"

"அவரைத்தான் கேட்க வேண்டும்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அன்று மாலை கீழ் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். அண்ணை கவனமாகக் கேட்டார்.

"அப்ப தம்பி அங்கயிருந்து நீலத்தில ஒண்டு அனுப்பினால் இஞ்ச ஓடுமோ?"

"நிறைய டிஸ்க் ஓடாதுண்ணை. நீலத்துல ரீஜியன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. கனடாவும் அமெரிக்காவும் ஒரு பக்கம், ஐரோப்பா ஒரு பக்கம். எந்த ஊர் டிஸ்க்னு பிளேயர் பாக்கும். வேற ஊர்னா உள்ள விடாது."

"டிஸ்க்குக்கும் விசாவோ?"

"அப்ப அதுவும் இஞ்ச வந்து அசூல் அடிக்கட்டும்" என்று அக்கா சமையலறையிலிருந்து சொன்னார். அகதி விண்ணப்பம் போடுவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அண்ணை சிரிக்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"சிவப்பில?"

"சிவப்புல அது இல்லண்ணை. எங்க வாங்கினாலும் எங்கயும் ஓடும்."

"ஆர் அப்பிடி முடிவெடுத்தது?"

எனக்குத் தெரியாத கேள்விகளின் வரிசையில் அதையும் சேர்த்துக்கொண்டேன். ஆனால் அண்ணைக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அவருக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு சமுத்திரம் இருந்தது. இருவரும் ஒருவர் வாங்கியதை மற்றவர் பார்க்க வேண்டும். அதற்குச் சிவப்புதான் ஒத்துவரும். அவருடைய கணக்கில் போர் அன்றே முடிந்துவிட்டது. விலை குறையட்டும் என்று மட்டும் காத்திருந்தார்.

கோடை முடியும்போது, அதுவரை இரண்டு பக்கத்துக்கும் படம் தந்துகொண்டிருந்த ஸ்டூடியோக்களில் ஒன்று, இனிச் சிவப்புக்கு மட்டும்தான் என்று அறிவித்தது. முந்தின நாள்வரை எங்களில் யாருக்கும் தெரியாது. அப்போது அந்த ஸ்டூடியோவின் ஒரு படத்துக்கான வேலை எங்கள் இரண்டு அறைகளிலும் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு என் கையில், நீலம் எதிர் அறைக்காரரின் கையில். அவர் என்னைவிட வேகம். எல்லாச் சோதனையும் முடித்து, அச்சுத் தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டிய கடைசிக் கோப்பைத் தயாராக வைத்திருந்தார். முதலாளி நடைபாதையில் நின்று மின்னஞ்சலை இரண்டு அறைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

எங்கள் அறையில் சந்தோஷம். இனி எல்லா வேலையும் நமக்குத்தான் என்று ஒருவன் கீழே கடைக்கு ஓடிப்போய் நுரை ஒயின் வாங்கி வந்தான். எனக்கும் ஒரு காகிதக் கோப்பையில் ஊற்றினார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு எதிர் அறையைப் பார்த்தேன். அவர் தன் மதிய ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கோபமாக இருக்கிறதா?"

"யார் மேல்?" என்று கேட்டார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கும் ஒரு முகம் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். அந்த முகம் எங்கள் இருவருக்கும் தெரியாது. திரையில் அவருடைய மெனு சுழன்றுகொண்டிருந்தது. பொன்னிறத்தில் ஒரு பழைய நகரத்தின் வரைபடம், ஒவ்வொரு தெருவும் ஒரு காட்சிக்குக் கதவு. நான் செய்ததைவிட அழகு. ரிமோட்டை வாங்கி எல்லாத் தெருக்களிலும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அது அங்கேயே நின்றுவிட்டது, எந்தக் கடைக்கும் போகவில்லை.

அடுத்த சில வாரங்கள் அவருக்கு வேலை குறைவு. முதலாளி அவரை என் டிஸ்க்கில் பிழை தேடும்படி சொன்னார். அவர் அதை ரசித்துச் செய்தார். காது கேளாதவர்களுக்கான வசனவரி என்ற ஜெர்மன் சொல், குறிப்பிட்ட ஒரு பிளேயரில் மட்டும் பொத்தானுக்கு வெளியே எட்டிப் பார்ப்பதைக் கண்டுபிடித்தபோது, எழுந்து வந்து என் மேசையைத் தட்டிச் சொன்னார்.

இலையுதிர் காலத்தில், சிவப்புக்கு வந்த அந்த ஸ்டூடியோவின் லண்டன் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் மெனுக்களுக்கு ஒப்புதல் தருகிறவர் அவர்தான். மின்னஞ்சலில் மிகக் கண்டிப்பு. ஒரு காற்புள்ளிக்காக டிஸ்க்கைத் திருப்பி அனுப்புவார். நேரில் பார்த்தால் மென்மையான, இருமிக்கொண்டே இருக்கிற மனிதர். முதலாளி எல்லாரையும் மதியச் சாப்பாட்டுக்கு ஆற்றங்கரையில் இருந்த ஒரு பீர் விடுதிக்கு அழைத்துப் போனார். நான் உருளைக்கிழங்கு அப்பமும் ஆப்பிள் மசியலும் சாப்பிட்டேன். அந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒன்று அது. சாப்பாடு பாதியில் இருக்கும்போது கேட்டுவிட்டேன்.

"உங்கள் ஸ்டூடியோ ஏன் நீலத்தை விட்டது?"

முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பணம் கைமாறியது, மாறவில்லை என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. நான் அதைக் கேட்கவில்லை. எப்படி முடிவெடுப்பார்கள் என்றுதான் தெரிந்துகொள்ள விரும்பினேன்.

அவர் இருமி முடித்தார். "ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பறையில் ஏணி போட்டு ஒருவர் போஸ்டர்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். எங்கள் எல்லாப் போஸ்டரிலும் கீழே இரண்டு சின்னமும் இருக்கும். என்ன விஷயம் என்று கேட்டேன். நீலச் சின்னம் இல்லாத போஸ்டர் மாட்டச் சொன்னார்கள் என்றார். அப்படித்தான் எனக்குத் தெரியும்."

"அதற்குப் பிறகாவது காரணம் சொன்னார்களா?"

"சொன்னார்கள். நீங்கள் பத்திரிகையில் படித்த அதே வாக்கியங்கள்." ஒரு வாய் பீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "பன்னிரண்டு வருடமாக அங்கே வேலை செய்கிறேன். உங்களுக்குத் தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்."

எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு கதவு என்று போய்க்கொண்டே இருக்கிறது என்ற எண்ணமே எனக்கு ஒருவிதத்தில் பிடித்திருந்தது.

குளிர் தொடங்கியபோது சிவப்பு பிளேயர்களின் விலை சரிந்தது. கடைகளில் பிளேயரோடு சில படங்களைச் சும்மா கொடுத்தார்கள். "நல்ல அங்கெபோட் பிள்ளை" என்று அண்ணை வீட்டுக்குக் கொண்டு வந்து, பெட்டியைப் பிரிப்பதற்கு என்னைக் கூப்பிட்டார். சலுகை விலைக்கு ஜெர்மன்காரர்கள் சொல்லும் சொல் அது. கனடாவில் தம்பியும் அதே மாதத்தில் ஒன்று வாங்கியிருந்தார். புத்தாண்டுக்கு முன்னால் முதல் பார்சல் சமுத்திரம் தாண்டி வந்தது. அண்ணை அதைப் பிரித்து, டிஸ்க்கை உள்ளே தள்ளி, அது ஒன்றும் கேட்காமல் ஓடத் தொடங்கியதும் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா, "ஓம், ஓம், ஓடுது" என்றார்.

2008ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டொராண்டோவில் அப்போதுதான் விடிந்திருக்கும். தொலைபேசி அடித்தது. அண்ணை ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணை, உங்கட கட்சி தோத்துப்போச்சு" என்றார் தம்பி.

"உன்ர கட்சியும் அதுதானேடா. என்ன நடந்தது?"

இரண்டு பக்கத்துக்கும் படம் தந்துகொண்டிருந்த பெரிய ஸ்டூடியோ ஒன்று மிஞ்சியிருந்தது. அது இனி நீலத்துக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டதாம். அமெரிக்காவில் பெரிய எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சி தொடங்கப்போகிற நேரம். அதில் சிவப்புப் பக்கத்தார் நடத்துவதாக இருந்த பத்திரிகையாளர் கூட்டத்தையே ரத்து செய்துவிட்டார்களாம். தம்பி காலைப் பத்திரிகையிலிருந்து வாசித்துச் சொல்லச் சொல்ல நான் இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அந்த ஸ்டூடியோதான் எங்களுக்கு வேலை தருவதில் முதலாவது. என் மேசையில் இருந்ததில் பாதிக்கு மேல் அவர்களுடைய படங்கள்.

அக்காதான் முதலில் கவனித்தார். "பிள்ளைக்கு வேலை போகுமோ?"

"தெரியலக்கா."

"விசா?"

"வேலையோடதான்க்கா விசா."

அண்ணை தம்பியிடம் பிறகு எடுப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். அக்கா என் தட்டில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார். வேண்டாம் என்றேன். "சாப்பிடுங்கோ. திங்கக்கிழமை தெரியும்தானே, அதுக்கு முதல் யோசிச்சு என்ன செய்ய ஏலும்?" என்றார்.

திங்கட்கிழமை யாரும் சத்தம் போடவில்லை. நீல அறையில் யாரும் ஒயின் வாங்கவும் இல்லை. முதலாளி எங்களை உட்காரவைத்து நேரே சொன்னார். வந்த சிவப்பு வேலைகளை முடிக்க வேண்டும், ஸ்டூடியோ வசந்த காலம் முடியும்வரை சிவப்பிலும் வெளியிடும் என்று சொல்லியிருக்கிறது. அதன்பின் சிவப்பு அறை இருக்காது. அவர் வரிசையாக எங்களைப் பார்த்தார். "ஜாவா கற்றுக்கொள்ள யாருக்கு விருப்பம்?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். எங்களில் இருவர் தூக்கவில்லை, அவர்கள் வேறு வேலை பார்த்துப் போனார்கள்.

அதன்பின் வந்த வாரங்கள்தான் எனக்கு விசித்திரமானவை. இனி யாரும் வாங்கப்போகாத பிளேயருக்காக மெனு எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் சிவப்பு, மதியத்துக்குப் பிறகு எதிர் அறையில் சைக்கிள்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஜாவா. ஒப்புதலுக்கு அனுப்பினால், முன்பெல்லாம் ஒரு வாரம் கழித்துப் பத்துத் திருத்தங்களோடு வருவது, இப்போது அன்றைக்கே "சரி" என்று வந்தது. லண்டன்காரரின் படத்துக்குக்கூட அப்படித்தான். அவர் காற்புள்ளியைப் பார்க்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிட, அந்த ஒற்றைச் சொல் பதில்தான் எனக்கு அதிகம் வலித்தது. ஒருமுறை வேண்டுமென்றே ஒரு காற்புள்ளியை இடம் மாற்றி அனுப்பிப் பார்த்தேன். "சரி" என்று வந்தது. பிறகு நானே திருத்தினேன்.

ஜனவரி முடியும்போது கொலோனில் திருவிழா. தெருவெல்லாம் வேஷம். அது தொடங்கும் வியாழக்கிழமையன்று பெண்கள் கத்தரிக்கோலோடு திரிந்து, கண்ணில் படுகிற ஆண்களின் டையை வெட்டலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது தெரிந்த ஆண்கள் அன்று பழைய டை கட்டுவார்கள், இல்லையென்றால் கட்டவே மாட்டார்கள். எங்கள் சைக்கிள்காரர் வருடத்தில் ஒரு நாளும் டை கட்டாதவர். அந்த வியாழக்கிழமை காலையில் சட்டைக்கு மேல் பளபளவென்று ஒரு நீல டை கட்டிக்கொண்டு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். கையில் கத்தரிக்கோலையும் அவரே கொண்டு வந்திருந்தார்.

"சிவப்பு அறையிலிருந்து ஒருவர் வெட்ட வேண்டும்" என்றார்.

நடுவில் வெட்டினேன். பட்டுத் துணி, அவ்வளவு சுலபமாக வெட்டுப்படவில்லை. முதலாளி உட்பட எல்லாரும் வந்து நின்று கைதட்டினார்கள். இடியப்பம் சாப்பிட்ட அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

திருவிழா முடிந்து இரண்டு வாரத்தில், சிவப்பை உருவாக்கிய நிறுவனமே பிளேயர் செய்வதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. கடைகள் சிவப்பு அலமாரியைக் காலி செய்யத் தொடங்கின. தள்ளுவண்டிகளில் சிவப்புப் பெட்டிகளைக் கொட்டி, ரொட்டி விலைக்கு விற்றார்கள்.

அண்ணை அந்த வசந்த காலம் முழுவதும் சந்தோஷமாக இருந்தார். வேலை முடிந்து நேரே கடைகளுக்குப் போவார். கொலோனில் முடிந்ததும் டியூசல்டோர்ஃப், ஆஹென் என்று ரயிலேறினார். கனடாவில் தம்பி அங்குள்ள கடைகளை வழித்தெடுத்தார். இரண்டு திசையிலும் பார்சல்கள் போயின, வந்தன. "தோத்தவன்ர கடையிலதான் பிள்ளை மலிவு" என்றார். பிள்ளைகள் படித்த மேசை இருந்த இடத்தில் ஒரு அலமாரி வந்து, அது நிறையச் சிவப்பு முதுகுகள் நின்றன. யாராவது வந்தால் விளக்கை அணைத்துவிட்டு மீன் படம் ஒன்றைப் போட்டுக் காட்டுவார்.

ஒரு நாள் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டப் போனபோது உள்ளேயிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு இசை கேட்டது. எந்தப் பாட்டு என்று பிடிபடவில்லை. அக்கா கதவைத் திறந்தார். தொலைக்காட்சியில் நான் எழுதிய மெனு ஓடிக்கொண்டிருந்தது. படம் தொடங்கவில்லை. முன்னால் இஸ்திரி மேசை, அதில் அக்காவின் சீருடை.

"படம் பாக்கலையாக்கா?"

"எனக்கு உந்தப் படம் விருப்பமில்லை. ஒரே வெடியும் அடியும். இந்த முன்பக்கம்தான் வடிவு. இது சுத்திச் சுத்தி வரும், நான் பாட்டைக் கேட்டுக்கொண்டு உடுப்பு மினுக்குவன்."

"இது நான் செஞ்சதுக்கா."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முழுக்கவோ?"

"படம் அவங்களுது. பாட்டும் அவங்களுது. இந்தப் பொத்தான், இது எழும்பி வர்றது, சுத்தி வந்து மறுபடி சேர்ற இடம், அது நான்."

"சேர்ற இடம் எது?"

நிறுத்திக் காட்டினேன். ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை மெனு முடிந்து மறுபடி தொடங்கும். அந்த ஒட்டு தெரியாமலிருக்க மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறேன். அக்கா இரண்டு சுற்று நின்று பார்த்தார். "எனக்குத் தெரியேல்ல" என்றார். வாங்கிய சம்பளத்தைத் தவிர அந்த வேலைக்கு எனக்குக் கிடைத்த பாராட்டு அது. ஒரு மெனுவை வீட்டில் ஒருவர் பயன்படுத்துவதை நான் கண்ணால் பார்த்ததும் அப்போதுதான்.

நான் நீல அறையில் ஒரு வருடத்துக்குமேல் இருந்தேன். சைக்கிள்காரரைப் போல ஜாவா எனக்கு வரவே இல்லை. என் டிஸ்க்குகளும் காபி குடித்து முடித்த பிறகுதான் திறந்தன. பிறகு மியூனிக்கில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் இணையப் பக்கங்களை எழுதும் வேலை கிடைத்தது. சிவப்பில் நான் எழுதிய மொழி அங்கே அப்படியே உதவியது. நீலம் வென்றதே, அந்த ஸ்டூடியோ ஏன் அந்த ஜனவரியில் முடிவு செய்தது என்று பிறகும் பலரைக் கேட்டிருக்கிறேன். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். லண்டன்காரருக்கு எழுதுவதற்கு என்னிடம் இன்றுவரை எதுவும் இல்லை.

கொலோனைவிட்டுக் கிளம்பிய நாள் அண்ணைதான் என் பெட்டிகளை வேனில் ஏற்றினார். எல்லாம் முடிந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டு அலமாரிக்கு முன்னால் நிறுத்தினார்.

"ஒண்டு எடுங்கோ பிள்ளை."

"எங்கிட்ட பிளேயரே இல்லண்ணை."

"தெரியும். எடுங்கோ."

நான் வேலை செய்த படங்கள் அங்கே ஏழெட்டு இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, டொராண்டோத் தம்பி அனுப்பி, அண்ணை இன்னும் மேலுறைகூடப் பிரிக்காத ஒன்றை எடுத்தேன். அமெரிக்காவில் யாரோ செய்த டிஸ்க். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மெனு பக்கவாட்டிலிருந்து, ஒரு திரைச்சீலை விலகுவதுபோல வருமாம். அதை அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று எங்கள் அறையில் பல நாள் பேசியிருக்கிறோம். நானும் அதை இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.